வெறும் 245 என்று கேட்காதீர்கள்: 3.3 வோல்ட் சிக்னலை 5 வோல்ட் போர்டுக்குக் கொடுக்க எந்த ஐசி?

சிவப்பு எழுத்து ஓடும் எல்இடி பலகையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மருந்துக்கடை வாசல், டவுன் பஸ் நெற்றி, திருவிழாப் பந்தல் என்று எங்கு பார்த்தாலும் அதுதான். அதில் நிறைய பலகைகள் பி10 என்ற போர்டை வரிசையாகக் கோத்துச் செய்தவை. ஒரு போர்டு 320 மில்லிமீட்டர் அகலம், 160 மில்லிமீட்டர் உயரம், பத்து மில்லிமீட்டருக்கு ஓர் எல்இடி, மொத்தம் 512 புள்ளிகள். எலெக்ட்ரானிக்ஸ் பழகுகிறவர்கள் சீக்கிரமே கை வைக்கும் பொருள் இது. முன்பெல்லாம் 5 வோல்ட் சிக்னல் தரும் ஆர்டுயினோ ஊனோ என்ற கண்ட்ரோலர் போர்டில் ஓட்டினார்கள், ஒரு தொல்லையும் இல்லை. இப்போது போனிலிருந்தே வைஃபை வழியாக வாசகத்தை மாற்ற வேண்டும் என்பதால் வைஃபை உள்ள இஎஸ்பி32 கண்ட்ரோலருக்கு வந்துவிட்டார்கள், அது தருவது 3.3 வோல்ட் சிக்னல். அங்கேதான் வம்பு ஆரம்பிக்கிறது. மேசையில் வைத்துப் பார்த்தால் ஒழுங்காக ஓடும், இடத்தில் கொண்டுபோய் மாட்டினால் எழுத்து ஒரு புள்ளி தள்ளி நிற்கும், வரிசைகள் ஒன்றோடொன்று கலந்துபோகும், எங்கோ ஒரு மூலையில் சம்பந்தமில்லாமல் ஒரு எல்இடி மினுக்கும். உடனே புரோகிராமில் தப்பு தேடுவார்கள், லைப்ரரியை மாற்றுவார்கள், பவர் சப்ளையை மாற்றுவார்கள். அப்புறம் யாராவது "நடுவில் ஒரு 245 போடு" என்று சொல்வார்கள், அதாவது எட்டு சிக்னலை வாங்கி அப்படியே பலமாகத் திருப்பிக் கொடுக்கும் ஐசி. கடைக்குப் போய் 245 வாங்கி வந்து போட்டால் அதற்கும் அடங்காது.

அடங்காததற்குக் காரணம், கடையில் கொடுத்த 245 பெரும்பாலும் 74ஹெச்சி245 (74HC245) ஆக இருக்கும். தேவைப்பட்டது 74ஹெச்சிடி245 (74HCT245). நடுவில் ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். பின் வரிசை ஒன்றுதான், வேலை ஒன்றுதான், வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் 3.3 வோல்ட்டை டிஜிட்டல் "ஒன்று" என்று உறுதியாக எடுத்துக்கொள்வது ஹெச்சிடி மட்டும். இந்த எழுத்து விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் 245-க்கு மட்டும் இல்லை, 125, 14, 595, 08 என்று 74 குடும்பத்தில் எதை எடுத்தாலும் கதை இதேதான்.

முதலில் டேட்டாஷீட்டில், அதாவது ஐசிக்குக் கம்பெனி தரும் விவரத்தாளில், எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். அனுப்புகிற ஐசியின் டேட்டாஷீட்டில் வி.ஓ.ஹெச். (VOH) என்று ஒரு எண் இருக்கும். ஒன்று என்று சொல்லும்போது குறைந்தபட்சம் இவ்வளவு வோல்ட் கொடுப்பேன் என்று அந்தக் கம்பெனி தரும் உத்தரவாதம் அது. வாங்குகிற ஐசியின் டேட்டாஷீட்டில் வி.ஐ.ஹெச். (VIH) என்று இருக்கும். குறைந்தது இவ்வளவு வோல்ட் வந்தால்தான் அதை ஒன்று என்று கட்டாயம் எடுத்துக்கொள்வேன் என்பது அதன் பொருள். முதல் எண் இரண்டாவதை விடப் பெரியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. எவ்வளவு பெரியதோ அவ்வளவு தூரம் இரைச்சலைத் தாங்கும். பூஜ்யத்துக்கும் இதே மாதிரி ஒரு ஜோடி உண்டு, அங்கே சாதாரணமாகப் பிரச்சினை வருவதில்லை. மூன்றாவதாக, வாங்குகிறவர் தாங்கும் உச்ச வோல்டேஜை அனுப்புகிறவர் தாண்டக்கூடாது. அது எதிர்த்திசையில் போகும்போது முக்கியம், அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது இதைப் பி10 போர்டில் வைத்துப் பார்ப்போம். போர்டைத் திருப்பினால் பின்பக்கம் புள்ளிகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கி நகர்த்திச் சேர்க்கும் 74ஹெச்சி595 பதினாறு, வரிசையைத் தேர்ந்தெடுக்க ஒரு 74ஹெச்சி138, எல்இடி வரிசைகளுக்கு மின்சாரம் தள்ள 4953 என்ற மாஸ்ஃபெட், உள்ளே வரும் சிக்னலையும் அடுத்த போர்டுக்குப் போகும் சிக்னலையும் பிடித்துக் கொடுக்க 74ஹெச்சி245 இருக்கும். தயாரிப்பாளருக்குத் தகுந்தபடி கொஞ்சம் மாறும், குடும்பம் மாறாது. எல்லாம் ஹெச்சி, எல்லாம் 5 வோல்ட் சப்ளையில். ஹெச்சி குடும்பத்துக்கு வி.ஐ.ஹெச். சப்ளையில் சுமார் 70 சதவீதம். டேட்டாஷீட்டில் 4.5 வோல்ட்டுக்கு 3.15 என்று போட்டிருப்பார்கள், 5 வோல்ட்டுக்கு அதுவே 3.5 ஆகிறது. இஎஸ்பி32 எவ்வளவு முயன்றாலும் 3.3-க்கு மேல் தர முடியாது, உத்தரவாதம் தருவதோ சப்ளையில் 80 சதவீதம், அதாவது 2.64 வோல்ட். மிக நல்ல நிலையிலேயே 0.2 வோல்ட் குறைகிறது.

அப்படியென்றால் மேசையில் எப்படி ஓடியது? இதைத்தான் பலரும் கேட்பார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். 3.5 என்பது உத்தரவாதக் கோடு. நிஜத்தில் ஒரு ஹெச்சி ஐசி மாறுகிற இடம் சப்ளையின் பாதிக்குப் பக்கத்தில், 2.5 வோல்ட் சுற்றளவில் இருக்கும். அதேபோல 2.64 என்பதும் பின்னிலிருந்து நிறைய கரண்ட் இழுக்கும்போதுதான். ஹெச்சி போன்ற சிமாஸ் (CMOS) வகை ஐசியின் இன்புட் கிட்டத்தட்ட ஒன்றுமே இழுக்காது, அதனால் பின்னில் 3.3-க்கு ஒட்டியே நிற்கும். ஆக நிஜ வாழ்க்கையில் 3.3 வருகிறது, 2.5-இல் மாறுகிறது, 0.8 வோல்ட் கையிருப்பு. ஒரு சாண் நீள வயரில் அது தாராளமாகப் போதும். அதனால்தான் "எனக்கு ஓடுகிறதே" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை.

பலகை இடத்தில் மாட்டப்படும்போது அந்த 0.8 எப்படிக் கரைகிறது என்று பார்க்க வேண்டும். தெரிந்த பையன் ஒருவன் திருவிழாவுக்காக ஆறு போர்டு சேர்த்துப் பலகை ஒன்று செய்தான். சின்ன எழுத்தாக "நல்வரவு" என்று ஓட்டினால் சுத்தமாக வந்தது, திரை முழுக்க நிரம்பும்படி பெரிய எழுத்துப் போட்டால் கலங்கியது. இந்த ஒரு அறிகுறியே எங்கே தேட வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. புரோகிராமில் தப்பு இருந்தால் எத்தனை எல்இடி எரிகிறது என்பதைப் பொறுத்து அது மாறாது. எல்இடி நிறைய எரிந்தால் நிறைய கரண்ட், கரண்ட் திரும்பி வரும் வழி கிரவுண்ட் வயர். அந்த வயரும் கனெக்டரும் சேர்ந்து 0.1 ஓம் இருந்தாலே 3 ஆம்பியர் ஓடும்போது 0.3 வோல்ட் விழும். அதாவது போர்டின் கிரவுண்ட், கண்ட்ரோலரின் கிரவுண்டை விட 0.3 வோல்ட் மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. இஎஸ்பி32 அனுப்பும் 3.3 அங்கே 3.0 ஆகத் தெரியும். போர்டின் சப்ளையும் 4.7 ஆக இறங்குவதால் மாறுகிற இடமும் 2.35-க்கு இறங்கும், அதனால் இழப்பு முழு 0.3 இல்லை, கையிருப்பு 0.65 ஆகிறது. இது சீராக நிற்கும் கணக்கு. ஆனால் பி10 நான்கு தவணையாக வரிசைகளை மாற்றி மாற்றி எரிக்கிறது, ஒவ்வொரு மாற்றத்திலும் ஆம்பியர் கணக்கில் கரண்ட் சட்டென்று ஏறி இறங்கும், வயரின் இண்டக்டன்ஸ் அந்த நொடியில் கிரவுண்டை இன்னும் உதறும். அதற்கு மேல் தட்டை ரிப்பன் கேபிளில், புள்ளிகளை நகர்த்தும் துடிப்பு வரும் கிளாக் வயருக்குப் பக்கத்திலேயே மற்ற சிக்னல்கள் ஓடுகின்றன, ஒன்றின் துடிப்பு மற்றொன்றில் தொற்றும். எல்லாம் சேர்ந்து 0.65-ஐத் தின்றுவிடும்.

கிளாக்கில் பொய்த் துடிப்பு ஒன்று விழுந்தால் 595 வரிசை முழுவதும் ஒரு புள்ளி நகரும், அதுதான் எழுத்து தள்ளி நிற்பது. ஏ, பி என்ற வரிசைத் தேர்வு சிக்னல் தவறினால் வரிசைகள் கலங்கும். பலகையைப் பார்த்தே எந்தக் கம்பி தடுமாறுகிறது என்று சொல்லிவிடலாம். பையன் பலகையில் தடுமாறியது கிளாக், ஏ இரண்டும்.

இதில் ஒரு நல்ல செய்தி, பிரச்சினை முதல் போர்டின் வாசலில் மட்டும்தான். முதல் போர்டின் 245 சிக்னலை வாங்கி 5 வோல்ட்டாக்கித்தான் அடுத்ததற்குத் தள்ளுகிறது. ஆகவே எத்தனை போர்டு கோத்தாலும் கண்ட்ரோலருக்கும் முதல் போர்டுக்கும் நடுவே ஒரே ஒரு 74ஹெச்சிடி245 போதும். ஓ.இ. (எல்இடிகளை எரிய விடுவது, அணைப்பது), ஏ, பி, கிளாக், லாட்ச் (சேர்ந்த புள்ளிகளை வெளியே காட்டச் சொல்வது), டேட்டா என்று ஆறு சிக்னல், ஐசியில் எட்டு வழி, இரண்டு மிச்சம். மிச்சம் இரண்டின் இன்புட்டை கிரவுண்டில் கட்டிவிடுங்கள், சிமாஸ் இன்புட்டை அந்தரத்தில் விடக்கூடாது. திசை பின்னை 5 வோல்ட்டில், எனேபிள் பின்னை கிரவுண்டில், சப்ளை பின்னுக்கு ஒட்டி ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். ஐசியை கண்ட்ரோலர் பக்கம் வைக்க வேண்டும், போர்டு பக்கம் வைத்தால் நீளமான ரிப்பனில் இன்னமும் 3.3 தானே ஓடும். அவுட்புட் ஒவ்வொன்றிலும் 33 முதல் 100 ஓம் வரை ஒரு ரெசிஸ்டர் தொடராகப் போட்டால் முனையில் அலைபாய்வது அடங்கும்.

சரி, ஹெச்சிக்கும் ஹெச்சிடிக்கும் ஏன் இந்த வேறுபாடு? 74 குடும்பம் முதலில் டிடிஎல் (TTL) என்ற பழைய வகை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 1964-இல் ராணுவத் தரத்தில் 5400 வரிசையையும் 1966-இல் மலிவான பிளாஸ்டிக் உறையில் 7400 வரிசையையும் கொண்டுவந்தது. டிடிஎல் இன்புட்டின் உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர் சந்திப்புகள் அடுத்தடுத்து நிற்கின்றன, ஒவ்வொன்றும் 0.7 வோல்ட், ஆக மாறுகிற இடம் 1.4 வோல்ட் அளவில் விழுகிறது. அதற்கு இருபக்கமும் இடம் விட்டு 2.0-க்கு மேல் ஒன்று, 0.8-க்குக் கீழ் பூஜ்யம் என்று வரையறுத்தார்கள். சிமாஸ் வேறு வழியில் வந்தது. ஆர்சிஏ 1968-இல் 4000 வரிசையைக் கொண்டுவந்தது. அதில் மேலே ஒரு டிரான்சிஸ்டர், கீழே ஒரு டிரான்சிஸ்டர், இரண்டும் சம பலம், அதனால் மாறுகிற இடம் சப்ளையின் பாதி. 1980-களின் தொடக்கத்தில் டிடிஎல்லின் வேகமும் சிமாஸின் சிக்கனமும் சேர்ந்த 74ஹெச்சி வந்தபோது ஒரு இடைஞ்சல். பழைய டிடிஎல் அவுட்புட் 2.4 வோல்ட்டுக்குத்தான் உத்தரவாதம் தரும், ஹெச்சிக்கோ 3.5 வேண்டும், இரண்டையும் ஒரே போர்டில் கலக்க முடியாது. அதற்காகவே உள்ளே டிரான்சிஸ்டர் அளவுகளை மாற்றி, மாறுகிற இடத்தை வேண்டுமென்றே கீழே இறக்கி, டிடிஎல் எண்களுக்கே பொருந்தும்படி ஹெச்சிடியைச் செய்தார்கள். கடைசியில் உள்ள டி அந்த டிடிஎல்லுக்குத்தான். பிற்பாடு 3.3 வோல்ட் உலகம் வந்தபோது அதற்கான தரத்திலும் 2.0, 0.8 என்ற அதே எண்களையே வைத்தார்கள். பழைய போர்டுகளைக் காப்பாற்றச் செய்த ஐசி இன்று இஎஸ்பி32-க்கும் ராஸ்பெரி பைக்கும் அப்படியே பொருந்துவது இதனால்தான். 2.64 உத்தரவாதம், 2.0 தேவை, மோசமான நிலையிலும் 0.64 கையிருப்பு. நிஜத்தில் 3.3 வந்து 1.5 அளவில் மாறுவதால் 1.8 வோல்ட் வரை கையிருப்பு. 0.8-ஐயும் 1.8-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த ஒரு எழுத்தின் மதிப்பு புரியும்.

அப்படியானால் பழைய 74எல்எஸ்245 போடலாமே, அதுவும் டிடிஎல் தானே என்று சிலர் கேட்பார்கள். வாங்கும் பக்கம் சரி, 3.3-ஐ அருமையாக வாங்கிக்கொள்ளும். கொடுக்கும் பக்கம்தான் உதைக்கும். எல்எஸ் அவுட்புட் 5 வோல்ட் வரை ஏறாது. உத்தரவாதம் 2.4, சாதாரணமாக 3.4 அளவு. அதற்கு எதிரே போர்டில் இருப்பது 3.5 கேட்கும் ஹெச்சி. 3.3 கொடுத்து 3.4 வாங்க எதற்கு ஒரு ஐசி? ஹெச்சிடி உள்ளே சிமாஸ் என்பதால் அவுட்புட் 5 வோல்ட்டை ஒட்டி ஏறும். இன்புட் டிடிஎல், அவுட்புட் சிமாஸ், இந்தக் கலவைதான் நமக்கு வேண்டியது.

ஏஹெச்சிடி என்று இன்னொன்றும் உண்டு. அதே எண்கள், வேகம் கூடுதல், அவுட்புட்டில் பலமும் கொஞ்சம் கூடுதல். எது நல்லது என்றால், பி10-க்கு ஹெச்சிடியே போதும், கிளாக் சில மெகாஹெர்ட்ஸ்தான். தேவைக்கு மேல் வேகமான ஐசி போட்டால் சிக்னலின் விளிம்பு கூர்மையாகி நீளமான வயரில் அலைபாய்ச்சல் அதிகமாகும், வேகமான ஐசி எப்போதும் நல்ல ஐசி என்று எண்ண வேண்டாம். ஏசிடி என்று 24 மில்லி ஆம்பியர் தள்ளும் முரட்டுக் குடும்பம் ஒன்று இருக்கிறது, ரிப்பன் கேபிளுக்கு அதை நான் தொடவே மாட்டேன். வண்ண எல்இடி பேனல்களில் கிளாக் பத்து, இருபது மெகாஹெர்ட்ஸ் போகும். அங்கே ஏஹெச்சிடி பொருந்தும்.

ஏஹெச்சிடி நன்றாகப் பொருந்தும் இன்னொரு இடம் டபிள்யூஎஸ்2812பி எல்இடி பட்டை. அதன் பழைய டேட்டாஷீட்டில் வி.ஐ.ஹெச். சப்ளையில் 70 சதவீதம் என்றே இருக்கிறது, மறுபடியும் 3.5. ஒரு பிட் முழுக்க 1.25 மைக்ரோசெகண்ட், அதில் 0.4 மைக்ரோசெகண்ட் ஏறி நின்றால் பூஜ்யம், 0.8 நின்றால் ஒன்று. சிக்னல் தாமதமாகக் கோட்டைத் தாண்டினால் ஒன்று பூஜ்யமாகிவிடும், பச்சை வர வேண்டிய இடத்தில் வேறு நிறம் வரும். நான்கு தனித்தனி கேட் (வழி) உள்ள ஒரு 74ஏஹெச்சிடி125 போட்டு அதில் ஒரு கேட்டைப் பயன்படுத்தினால் தீர்ந்தது. நான்கு கேட் எதற்கு என்றால் 1ஜி125 என்று ஒரே ஒரு கேட் மட்டும் உள்ள அரிசி அளவு ஐசி கிடைக்கிறது, ஐந்து கால்தான். பட்டையில் முதல் எல்இடிக்கு மட்டும் ஒரு டையோடு வழியாக சப்ளை கொடுக்கும் தந்திரமும் உண்டு. சப்ளை 4.3 ஆகும், அதில் 70 சதவீதம் 3.01, இப்போது 3.3 அதைத் தாண்டிவிடுகிறது, அந்த முதல் எல்இடி சிக்னலைத் திருத்தி அடுத்ததற்குத் தருகிறது. வீட்டு அலங்காரத்துக்கு நல்ல வழி. அடுத்தவர் காசு வாங்கிச் செய்யும் வேலையில் நான் ஐசிதான் வைப்பேன்.

எல்லா இடத்திலும் ஐசி திணிக்கவும் வேண்டாம். 16-க்கு 2 எழுத்து எல்சிடி இருக்கிறதே, உள்ளே ஹெச்டி44780 கண்ட்ரோலர், அதற்கு 5 வோல்ட்டில் வி.ஐ.ஹெச். 2.2 தான். இஎஸ்பி32 நேரடியாகவே அதை ஓட்டும். ஒரே நிபந்தனை, ஆர்/டபிள்யூ பின்னை கிரவுண்டில் கட்டி, எல்சிடி திரும்பப் பேசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதே எல்சிடியின் முதுகில் பிசிஎஃப்8574 ஐசி ஒட்டிய, இரண்டே கம்பியில் பேசும் ஐ2சி (I2C) மாட்யூலாக வாங்கினால் கதை வேறு. அந்த ஐசி 70 சதவீதம் கேட்கும், அதுபோக மாட்யூலில் உள்ள புல்அப் ரெசிஸ்டர்கள் இரண்டு கம்பிகளையும் 5 வோல்ட்டுக்கு இழுத்து இஎஸ்பி32-இன் பின்னுக்கே அனுப்பும். வெளியே ஒரே மாதிரி தெரியும் இரண்டு எல்சிடிக்கு இரண்டு வேறு பதில், டேட்டாஷீட்டைப் பார்க்காமல் ஊகிக்க முடியாது.

இந்த ஐ2சிக்குத்தான் பிஎஸ்எஸ்138 மாஸ்ஃபெட் வைத்த நான்கு வழி மாட்யூல். இரண்டு பக்கமும் பேச முடியும், விலையும் குறைவு. ஆனால் மேலே இழுப்பது 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் மட்டுமே. வயரும் இன்புட்டும் சேர்ந்து 50 பிகோஃபாரட் இருந்தால் கால மாறிலி 0.5 மைக்ரோசெகண்ட். 100 கிலோஹெர்ட்ஸ் ஐ2சி ஏறுவதற்கு 1 மைக்ரோசெகண்ட் வரை பொறுத்துக்கொள்ளும், அங்கே கவலையில்லை. 0.4 மைக்ரோசெகண்ட் துடிப்பை எண்ணும் டபிள்யூஎஸ்2812பி-க்கோ பி10 கிளாக்குக்கோ அது ஒத்துவராது. "லெவல் ஷிஃப்டர்" என்று ஒரே பெயரில் விற்பதால் இதை வாங்கிப் பட்டையில் போட்டுவிட்டுத் தவிக்கிறவர்கள் அதிகம். டிஎக்ஸ்பி0108 மாட்யூலும் அப்படித்தான். திசையைத் தானே கண்டுபிடிக்கும், ஆனால் சும்மா நிற்கும்போது அதன் அவுட்புட் 4 கிலோ ஓம் வழியாகப் பிடித்துக்கொண்டிருப்பது போல மெலிதானது. புல்அப் உள்ள ஐ2சியிலும் சரி, நீளமான ரிப்பனிலும் சரி, அது திணறும். திசை நமக்குத் தெரியும்போது தானே கண்டுபிடிக்கும் ஐசி எதற்கு?

இனி எதிர்த்திசை. 5 வோல்ட் சென்சாரிலிருந்து 3.3 வோல்ட் கண்ட்ரோலருக்கு வரும்போது கேள்வி மாறுகிறது, எவ்வளவு தாங்கும் என்பதே முதல் கேள்வி. ஹெச்சி-எஸ்ஆர்04 தூரமானியின் எக்கோ பின் 5 வோல்ட் தரும். இஎஸ்பி32-இன் பின் தாங்குவது சப்ளைக்கு மேல் 0.3 வரை, அதாவது 3.6. ஒரே சிக்னல், மெதுவான சிக்னல் என்றால் இரண்டு ரெசிஸ்டர் போதும், மேலே 1 கிலோ ஓம், கீழே 2 கிலோ ஓம், 3.33 வந்துவிடும். வேகமான சிக்னலோ, பல சிக்னலோ என்றால் 3.3 வோல்ட் சப்ளையில் 74எல்விசி குடும்பம். அதன் இன்புட் தன் சப்ளை எவ்வளவாக இருந்தாலும் 5.5 வோல்ட் வரை தாங்கும். ஏஹெச்சி குடும்பமும் இப்படியே. துளை போட்டுச் செருகும் பெரிய உறைதான் வேண்டும் என்றால் 74ஹெச்சி4050, அதன் இன்புட்டில் மேல் டையோடு இல்லாததால் 15 வோல்ட் வரை கொடுக்கலாம்.

சாதாரண ஹெச்சியை 3.3-இல் ஓட்டி அதற்கு 5 வோல்ட் சிக்னல் கொடுக்கவே கூடாது. ஹெச்சியின் ஒவ்வொரு இன்புட்டிலிருந்தும் சப்ளைக்கு ஒரு காப்பு டையோடு இருக்கிறது. 5 வோல்ட் வந்தால் அது திறந்து, சிக்னல் கம்பி வழியாக சப்ளைக்குள் கரண்ட் ஏறும். இதில் ஆளைக் குழப்பும் ஒரு காட்சி உண்டு. போர்டின் சப்ளையைப் பிடுங்கிவிட்டீர்கள், ஆனாலும் எல்இடி மங்கலாக எரிகிறது, ஐசி பாதி உயிரோடு ஏதோ செய்கிறது. சப்ளை இல்லாத ஐசிக்கு அடுத்த போர்டிலிருந்து வரும் சிக்னலே சோறு போடுகிறது. ரீசெட் சரியாக ஆகாமல் கண்ட்ரோலர் தொங்கி நிற்பதற்கு இது ஒரு காரணம். இரண்டு போர்டுக்கு இரண்டு சப்ளை, ஒன்று முந்தி ஒன்று பிந்தி வரும் என்றால், சப்ளை இல்லாதபோது அவுட்புட்டையும் துண்டித்துக்கொள்ளும் எல்விசியே சரி.

ஹெச்சிடிக்கும் ஒரு குறை உண்டு, பேட்டரியில் ஓடும் பொருளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். 5 வோல்ட் சப்ளையில் இன்புட் 3.3-இலேயே நின்றால் உள்ளே மேல் டிரான்சிஸ்டர் முழுதாக மூடாது, கீழ் டிரான்சிஸ்டர் திறந்திருக்கும், இரண்டின் வழியாகவும் கொஞ்சம் கரண்ட் சும்மா கசியும். ஒரு இன்புட்டுக்குச் சில நூறு மைக்ரோ ஆம்பியர் வரை போகலாம். ஆம்பியர் கணக்கில் இழுக்கும் பி10 பலகையில் அதை யார் பார்க்கப் போகிறார்கள்? மாதக்கணக்கில் பேட்டரியில் கிடக்க வேண்டிய கருவியில் அது பெரிய தொகை. அங்கே 74எல்விசி1டி45 போல இரண்டு சப்ளை பின் உள்ள ஐசி. ஒரு பக்கம் 3.3, மறுபக்கம் 5, இன்புட் அதன் சொந்த 3.3-இலேயே முழுதாகத் திறந்து மூடும். திசை பின்னின் அளவு மட்டும் ஏ பக்கச் சப்ளையை ஒட்டியது என்பதை மறக்காதீர்கள்.

வாங்கும் விஷயம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ உங்கள் ஊர்க் கடையிலோ "245 இருக்கா" என்று கேட்டால் எடுத்து நீட்டுவது எது அதிகம் விற்கிறதோ அது. "74ஹெச்சிடி245, டி (T) கட்டாயம் வேண்டும்" என்று கேளுங்கள், கையில் வாங்கியதும் வெளிச்சத்தில் சாய்த்து மேலே அச்சானதைப் படியுங்கள். முன்னால் உள்ள எஸ்என், எம்சி, சிடி எல்லாம் எந்தக் கம்பெனி என்பதற்கு, கடைசியில் உள்ள என் (N), டி (D), பிடபிள்யூ (PW) எல்லாம் உறை என்ன என்பதற்கு. கடைசியில் உள்ள டியையும் (D) நடுவில் உள்ள டியையும் (T) குழப்பிக்கொள்ளக் கூடாது. 74ஹெச்சி245டி (74HC245D) என்றால் அது சின்ன உறையில் வந்த ஹெச்சி, ஹெச்சிடி கிடையாது. இந்த இடத்தில் ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர்.

அச்சையும் நம்ப முடியவில்லை என்றால் வீட்டிலேயே சோதித்துவிடலாம், ஒரு 10 கிலோ ஓம் வால்யூமும் (திருப்பினால் அளவு மாறும் மூன்று கால் ரெசிஸ்டர்) மல்டிமீட்டரும் போதும். ஐசிக்கு 5 வோல்ட் கொடுங்கள், திசை பின் 5 வோல்ட்டில், எனேபிள் கிரவுண்டில், முதல் இன்புட்டைத் தவிர மற்ற இன்புட் எல்லாம் கிரவுண்டில். வால்யூமின் இரு முனையும் 5-க்கும் கிரவுண்டுக்கும், நடுக்காலை முதல் இன்புட்டில். அவுட்புட்டில் 1 கிலோ ஓம் வைத்து ஒரு எல்இடி. பூஜ்யத்திலிருந்து மெதுவாகத் திருப்பிக்கொண்டே போங்கள், எல்இடி எரியும் இடத்தில் நிறுத்தி இன்புட்டின் வோல்டேஜைப் படியுங்கள். 1.5-ஐ ஒட்டி எரிந்தால் ஹெச்சிடி. 2.5-ஐ ஒட்டி எரிந்தால் மேலே என்ன அச்சடித்திருந்தாலும் உள்ளே இருப்பது ஹெச்சி. மாறும் இடத்துக்கு மிக அருகில் எல்இடி அரைகுறையாக மினுக்கும், மெதுவாக ஏறும் சிக்னலில் சாதாரண கேட் தடுமாறுவது இயல்பு, அங்கேயே நிறுத்தி வைக்காமல் தாண்டிப் போய்விடுங்கள்.

பையன் பலகையில் ஹெச்சிடி245 மாட்டி, கண்ட்ரோலரிலிருந்து முதல் போர்டுக்குத் தடிமனான கிரவுண்ட் வயர் ஒன்று தனியாக இழுத்தோம். அந்த வயரும் சேர்ந்துதான் மருந்து, ஐசி மட்டும் என்று சொல்ல மாட்டேன். திரை முழுக்க எரிய விட்டு ஸ்கோப்பில் கிளாக்கைப் பார்த்தபோது கிரவுண்ட் உதறல் இன்னும் தெரிந்தது, ஆனால் சிக்னல் 5 வோல்ட்டுக்கு ஏறி நின்றதால் அந்த உதறல் 2.5-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ராஸ்பெரி பையில் செய்கிறவர்களுக்கும் இதே சுற்று அப்படியே பொருந்தும். 1.8 வோல்ட் பின் உள்ள கண்ட்ரோலர் வைத்திருப்பவர்கள் மட்டும் ஹெச்சிடியை வாங்க வேண்டாம், அது கேட்கும் 2.0-ஐ 1.8 எட்டாது. உங்களுக்கு இரண்டு சப்ளை உள்ள எல்விசி8டி245 தான், எட்டு வழியும் ஒரே ஐசியில் கிடைக்கும்.